கடைசி டின் சல்பா

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபின் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். வெள்ளைக்கார டாக்டரைச் சிறைபிடித்துக்கொண்டு போனபின் கட்டுப் போடுகிறவனே டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டால் அறிவு தானாகக் காதுவழியே இறங்கும் என்று நம்பிய ஆள் நான்.

என் கூட்டாளி ஒருவர், பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பாலெடுக்கிறவர், ஒருநாள் அனலாய்க் காய்ச்சலில் விழுந்தார். கழுத்து கட்டையாய் விறைத்துவிட்டது. வெளிச்சம் பட்டால் அலறினார். பெண்டாட்டியையே யாரென்று கேட்டார். மூளைக் காய்ச்சல். கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை டின்னில் ஒரு ஆளுக்குத்தான் மிச்சமிருந்தது. நான்கு மணி நேரத்துக்கொரு முறை நானே பொடித்துக் கரைத்துப் புகட்டினேன். மூன்றாம் நாள் கண் விழித்தார்.

"ஏன்யா டிரெசரு, ஒன் மூஞ்சியப் பாக்கவா பொழைச்சேன்?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மிச்ச மாத்திரையை அவர் மனைவியிடம் கொடுத்து, "தீர்ற வரைக்கும் குடு, தங்கச்சி" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கோ அவரைச் சிரிக்க வைக்கிற அவசரம்.

"இது லேசுப்பட்ட மாத்திரையில்ல லா! இத மடியில கட்டிக்கிட்டுப் போனா சயாமுல எமனே சலாம் போடுவான்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த ஒரு சிரிப்பு வேண்டாம் என்றிருக்கிறது. போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த பட்டியலில் அந்த வாரம்தான் அவருடைய தம்பி பெயர் ஏறியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

ஆறாம் நாள் போனபோது கழுத்து மறுபடி விறைத்திருந்தது. கூப்பிட்டேன், கிள்ளினேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். பதில் இல்லை. மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"எனக்குத்தான் நல்லாயிடுச்சே, தம்பிக்கு ஆகட்டும்னு அவருதாங்க துணியில முடிஞ்சு குடுத்துட்டாரு," என்றார் அவர் மனைவி. "மூணு நாளா ஒண்ணுகூட முழுங்கல."

"ஓடு தங்கச்சி! தம்பிகிட்டேருந்து திருப்பி வாங்கிட்டு வா. இப்பவே குடுத்தாப் பொழைச்சுக்குவாரு!"

அவர் மனைவி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"தம்பிய ஏத்திக்கிட்டு சயாம் லாரி காலையிலேயே போயிடுச்சுங்க."