மடுவில் விட்ட புடவை

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் அருவியைத் தெரியாது. உள்ளூர்க்காரர்களுக்கும் தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்புக்காட்டுக்குள் இரண்டு பாறை மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளம் அது. மழைக்காலத்தில் அருவி கொட்டும். கோடையில் அடியிலுள்ள மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். மானுக்கும் மயிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் அதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

அந்த மடுவில்தான் நம் ஜனங்கள் துணியை விடுகிறார்கள். எவனோ ஒரு ஜோசியன் கிளப்பிவிட்டது. முழுகிவிட்டு, உடுத்தியிருந்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தால் பீடை கழியுமாம். எடுக்கிறவனை அந்தப் பீடை பிடித்துக்கொள்ளுமாம். பிறகு எவன் எடுப்பான்? போன கோடையில் தண்ணீர் குடிக்க வந்த மான்குட்டி ஒன்று, சேலையில் கால் சிக்கிச் செத்துக் கிடந்தது. என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கத்தினேன்.

தை மாதம், வல்லத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அருவிக்கரைக் கன்னிமார் சாமிக்கு விளக்குப் போட வேண்டுமாம். வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். விளக்குப் போட்டாள். பிறகு மடுவில் முழுகினாள். பாறை மறைவில் மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு வந்து, ஈரப் புடவையைச் சுருட்டித் தண்ணீரில் தள்ளினாள்.

“உனக்கு அறிவு இருக்குதா?” என்று கத்தினேன்.

“பொண்ணுக்கு ரெண்டு வாட்டி கலைஞ்சிபோச்சுடா. நான் வேற இன்னா பண்ணுவேன்?”

செருப்பைக் கழற்றிவிட்டு மடுவில் இறங்கினேன்.

“டேய், தொடாதடா! உன்னைப் புடிச்சிக்கும்!”

“புடிக்கட்டும்.”

நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவளே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து புடவையைப் பிடுங்கிக்கொண்டாள். “எங்க பீடை எங்களோடயே இருக்கட்டும். உனக்கு வாணாம். வா, போலாம்.”

மகளுக்காக விட்டதை எனக்காக எடுத்துவிட்டாள். இவளை எப்படித் திட்டுவது? திட்ட முடியாததாலேயே கோபம் தலைக்கேறியது. அந்த ஜோசியன் மட்டும் எதிரில் நின்றிருந்தால் அறைந்திருப்பேன். என் காலடியில் வழவழவென்று இன்னும் எத்தனையோ சேலைகள், வேட்டிகள், ஒரு குழந்தையின் சட்டை. குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

“அது யாரோடதோடா, வுடுடா!” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அவள் கரையேறி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழட்டும் என்று அடுத்த துணியை இழுத்தேன்.