சதுரக்கா உட்கார்ந்து போட்ட கோடு

எங்கள் வரைபட அலுவலகத்தில் அவரை எல்லோரும் சதுரக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆள் சதுரம் இல்லை, நல்ல உருண்டை. கையில் எப்போதும் பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு சதுரச் சட்டம் இருக்கும். அதனால் வந்த பெயர்.

காடு மேடெல்லாம் சுற்றி, எந்தச் செடி எந்தச் செடியோடு சேர்ந்து குடித்தனம் நடத்துகிறது என்று பார்ப்பது அக்காவின் வேலை. பார்த்துவிட்டு இது புல்வெளி, இது புதர்க்காடு, இது சதுப்பு என்று வகை சொல்ல வேண்டும். அதன்படி வரைபடத்தில் நிறம் போடுவார்கள். தனிச் செடிக்குப் பெயர் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. கூட்டமாக நிற்பதற்குப் பெயர் வைக்கும்போதுதான் தலைவலி.

சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். விழுந்த இடத்தில், அதற்குள் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். நமக்குப் பிடித்த இடமாகப் பார்த்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி. ஒருமுறை அது படுத்திருந்த மாட்டின் கழுத்தில் போய் மாட்டிக்கொண்டது. மாடு எழுந்து நடந்தது. விதி விதிதானே என்று அக்கா பின்னாலேயே ஓடி, "சட்டத்துக்குள் இருப்பது: மாடு. அடர்த்தி: முழுவதும்" என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மேலதிகாரிகள் இரண்டு பேர். ஒருவருக்குக் கத்தரிக்கோல் சார் என்று பெயர். எதைக் காட்டினாலும் இரண்டாக வெட்டுவார். "இந்தப் புல்வெளியும் அந்தப் புல்வெளியும் ஒண்ணா? இதுல புல்லு கொஞ்சம் சாஞ்சு நிக்குது பாருங்க, இது தனி வகை" என்பார். இன்னொருவர் பசை சார். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுவார். விட்டால் உலகத்தையே 'பச்சை', 'பச்சை இல்லாதது' என்று இரண்டே வகையில் முடித்துவிடுவார். இருவருக்கும் ஒரே அறை. நடுவில் ஒரு இரும்பு பீரோவை நகர்த்தி வைத்துக்கொண்டு, பேசவேண்டியதையெல்லாம் அக்கா மூலமாகப் பேசினார்கள். பீரோவுக்கு இந்தப் பக்கம் வந்தால் "சரிங்க சார்", அந்தப் பக்கம் போனால் "ஆமாங்க சார்". அக்கா அப்படித்தான் காலத்தை ஓட்டினார்.

வரைபடம் முடிகிற சமயத்தில் ஆற்றோரத்துத் துண்டு நிலம் ஒன்று மட்டும் வெள்ளையாகவே நின்றது. அங்கே கோரையும் புல்லும் பின்னிப் பிணைந்து கிடந்தன. கத்தரிக்கோல் சார் அது சதுப்பு என்றார். பசை சார், பக்கத்துப் புல்வெளியோடு சேர்த்துவிடு என்றார். அச்சகத்துக்காரர் தினமும் போன் போட்டு, "அந்த ஓட்டைக்கு என்ன கலர்ங்க?" என்று கேட்டு உயிரை வாங்கினார். கடைசியில் இரண்டு சார்களும் அக்காவும் நேரில் போவது என்று முடிவாயிற்று. ஜீப்பில் நடுவில் வைக்க பீரோ இல்லாததால் அக்காவை உட்கார வைத்தார்கள்.

செடிகளைப் பார்த்தால் பாதிக்குப் பாதி. அப்படியானால் மண்ணின் ஈரத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கத்தரிக்கோல் சார் விரலை மண்ணில் அழுத்தி, "சொதசொதன்னு இருக்கு" என்றார். பசை சார் ஷூ காலால் ஓங்கி மிதித்து, "கல்லு மாதிரி இருக்கு" என்றார். இருவரும் பேசியது அக்காவிடம். அக்காவுக்கு முழங்கால் வலி. நின்று கேட்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, சட்டத்தைப் போட்டு எண்ண ஆரம்பித்தார்.

சண்டை ஓய்ந்து கிளம்பலாம் என்று அக்கா எழுந்தபோது, பின்னால் நின்ற ஜீப் டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பேன்ட்டு..."

"என்னப்பா?"

"இடது பக்கம் முழுக்க நனைஞ்சிருக்கு. வலது பக்கம் சுத்தமா காஞ்சிருக்கு."

அக்கா கையை வைத்துத் தடவிப் பார்த்தார். உண்மைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒரு தெம்பும் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து யாருக்கும் மறுத்துப் பேசாதவர், இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நீங்க சொல்றதும் சரி, அவர் சொல்றதும் சரி. ஆனா ரெண்டு பேரும் பாதிதான் சரி. கோடு என் நடுவுல போகுது."

இரண்டு பேரும் குனிந்து அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு பசை சார், "அப்போ கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்று கேட்டார். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அக்கா நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். பாதி நனைந்த இடத்திலெல்லாம் டிரைவர் ஒரு குச்சி நட்டார். போகப் போக அக்காவின் பேன்ட் மொத்தமும் ஊறிவிட்டது. கருவி கெட்டுப்போன மாதிரி ஆகிவிட்டதே என்று திகைத்து நின்றார்கள். கத்தரிக்கோல் சார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபின் பசை சாருக்குப் பொறுக்குமா? அவரும் உட்கார்ந்தார்.

நாயோடு நடைப்பயிற்சி போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னங்க, போராட்டமா? கோரிக்கை என்ன?"

"ஈரம் எதுவரைக்கும்னு தெரியணும்" என்றார் கத்தரிக்கோல் சார்.

"நியாயமான கோரிக்கைதான்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். நாய் மட்டும் நின்றது. "எனக்கு ரெண்டு பக்கமும் ஈரம்" என்று அவர் அறிவித்ததும், கத்தரிக்கோல் சாரும் பசை சாரும் ஒரே குரலில், "அப்போ நீங்க சதுப்பு" என்றார்கள். பீரோ வந்ததிலிருந்து அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் சலவைக்கடை வைத்திருந்தார். அன்று சாயங்காலம் மூன்று பேன்ட்டும் அவர் கடைக்குத்தான் வந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆபீஸே கூண்டோட வழுக்கி விழுந்துச்சா?" என்றார்.

"இல்லைங்க, ஆராய்ச்சி" என்றார் அக்கா.

"இன்னும் ரெண்டு ஆராய்ச்சி பண்ணா சோப்பு தீர்ந்துடும்" என்று ஊறப்போட்டார்.

வரைபடம் வெளிவந்தது. ஆற்றோரத்தில் சதுப்புக்கும் புல்வெளிக்கும் நடுவில் ஒரு நெளிகோடு. எந்த முறையில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. "நேரடித் தொடுகை முறை" என்று பதில் போட்டோம். கருவி எங்கே கிடைக்கும் என்று மறுபடி கேட்டார்கள். அதற்கு நாங்கள் பதில் போடவில்லை.

அக்கா ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"நம்ம வீடு எங்கம்மா?"

"இதோ, இங்க அத்தை. சாம்பல் கலர்."

"சாம்பல் கலர்னா என்னன்னு போட்டிருக்கு?"

அக்கா முணுமுணுத்தார். "கலைந்த நிலம். களைகள் மட்டும்."

அவ்வளவுதான், மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "நான் தண்ணி ஊத்தி வளர்த்த தோட்டம் களையா?" என்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு சார்களும் மறுநாளே அவர் வீட்டுக் கொல்லையில் நின்றார்கள். கத்தரிக்கோல் சார், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடம் தனி, துணிக்கொடி நிழல் தனி என்றார். பசை சார், பேசாமல் பக்கத்து வீட்டுக் கொல்லையோடு சேர்த்துவிடலாம் என்றார்.

"அந்த வீட்டோடயா? சொம்பைத் திருப்பிக் குடுக்காதவளோடயா? அதெல்லாம் முடியாது, வெட்டுங்க!" என்றார் மாமியார்.

அடுத்த பதிப்பில் கொல்லை, 'துணிக்கொடி நிழல் புல்தரை' என்று தனி நிறத்தோடு வந்தது. அரிசி அளவு புள்ளி, சுற்றிலும் அதே பழைய சாம்பல். மாமியார் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்குப் போய், எத்தனையோ வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டார்.

"உங்க வீடு என்ன வகைன்னு தெரியுமாடி? வா, காட்டுறேன்."