பசுவைக் கேட்டால் புலி

எங்கள் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் கன்னடத்துப் பெண். ஹூப்ளியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறாள். பையன் தானே தேடிக்கொண்டவள். அதனால் அவளிடம் குறை கண்டுபிடிக்கிற வேலை மட்டும்தான் எங்களுக்கு மிச்சம் வைத்திருந்தான். அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டு, ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் உட்கார்ந்துவிடுவாள்.

கன்னடம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைசூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு அது கூட வராமல் போகுமா? ஆனால் அந்தப் பெண், "தமிழ்லயே மாத்தாடறேன் அத்தே" என்று, தமிழில்தான் பேசுவேன் எனப் பிடிவாதமாக இருந்தாள். என் மனைவி ஒரு குறுக்கு வழி சொன்னாள்: "ஹ வர்ற இடத்துல ப போட்டுடும்மா. பாதித் தமிழ் வந்துரும்." ஹாலு, பால். ஹல்லு, பல். ஹூவு, பூ. அடுத்த வாரமே, "பூப்ளியில ஒரே மழை அத்தே, போட்டல்லதான் சாப்டேன்" என்றாள். குடித்துக்கொண்டிருந்த காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது.

ஒரே ஒரு தொல்லை. கேள்வி கேட்டால் பதில் வர மூன்று விநாடி ஆனது. என் மனைவி மூன்று விநாடியெல்லாம் காத்திருக்கிற ஜாதி இல்லை. "ஹுலின்னா?" என்பாள். பெண் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். "சரி விடு, ஹசுன்னா?" என்பாள். "புலி!" என்று பதில் வந்து விழும். "பசுவைக் கேட்டா புலிங்கிறாளே, இவளை வெச்சு எப்படிங்க குடும்பம் நடத்தறது" என்று என் பக்கம் திரும்புவாள். நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு ஞாயிறு அந்தச் சிரிப்பு நின்றது. "கல்யாணத்துக்கு அப்புறம் எங்களோடவே வந்து இருப்பியாம்மா?" என்று என் மனைவி கேட்டாள். பதில் இல்லை. உடனே, "எங்களை உனக்குப் பிடிச்சிருக்குதானே?" என்றாள்.

"இல்ல அத்தே" என்று பதில் வந்தது, சிரித்த முகத்தோடு.

என் மனைவி போனைக் கட் பண்ணிக் கவிழ்த்துவிட்டாள். அது முதல் கேள்விக்கு வந்த பதில் என்று எவ்வளவோ சொன்னேன். "புலி, பசு எல்லாம் விளையாட்டுக்குங்க. இதுலயுமா நெட்டு விளையாடும்?" என்றாள். அன்று சாயங்காலமே பையனைக் கூப்பிட்டு, மண்டபத்துக்கு இன்னும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். போட்டல்லில் சாப்பிடுகிற அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே? இருக்கிறதிலேயே பெரிய பிளானுக்கு மாறினேன். சினிமா கண் இமைக்கும் நேரத்தில் இறங்கியது, பேச்சு மட்டும் பழையபடி மூன்று விநாடி. இணைப்புக் கொடுத்தவர் வந்து சோதித்துப் பார்த்து, "ஸ்பீடு ஃபுல் இதே சார்" என்று, வேகம் முழுசாக இருப்பதாகக் கன்னடத்தில் சொல்லி, என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் பாவம், பதறிப்போனாள். "ரொம்பப் பிடிச்சிருக்குன்னும் சொன்னேனே மாமா! அதுக்குள்ள கட் ஆயிடுச்சு." பிறகு நெட்வொர்க் நிபுணியாக மாறிக் கேட்டாள். "உங்க வீட்லேர்ந்து வெளியே நெட்டுல ஓயாம எதாவது போயிட்டே இருக்கா?"

இருந்தது. என் கேமரா. எங்கள் ஏரியாவான விஜயநகரில் காலை நடைக்குப் போகிற பெரிய மனிதர்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடுதான் போவார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள், பென்ஷன் கைநிறைய வருகிறவர்கள். என் காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற செம்பருத்தி ஒன்றுகூட மிஞ்சாது. பக்தி அவர்களுக்கு, தண்ணீர் ஊற்றுவது நானா? ஆத்திரத்தில் கேட் மேல் ஒரு கேமரா மாட்டினேன். யார் கடந்தாலும் துல்லியமாகப் படம் பிடித்து நெட் வழியாக எங்கேயோ அனுப்பிச் சேமிக்கும். காலை ஏழு மணி என்றால் அவர்களுக்குத் திருவிழா நேரம்.

ஹூப்ளியிலிருந்தே அவள் சொல்லச் சொல்லச் சோதித்தேன். கேமராவை நிறுத்தினால் பதில் உடனே வந்தது. ஓடவிட்டால் மூன்று விநாடி.

"பால் பூத்துல அத்தேக்கு முன்னாடி நிக்கறவர் கல்யாணத்துக்கு முப்பது டிரே வாங்கினா, அரை லிட்டருக்கு வந்த அத்தே என்ன பண்ணுவாங்க மாமா? கேமரா படம் அந்த முப்பது டிரே, நம்ம பேச்சு அரை லிட்டர். உங்க ரூட்டர் யாரையும் இடமில்ல, போயிடுன்னு சொல்லாது. எல்லாரையும் நிக்க வெச்சுக்கும். அதான் தப்பு."

பெரிய பிளான் உள்ளே வருகிற வழியைத்தான் அகலமாக்கியிருந்ததாம். வெளியே போகிற வழி அதே சந்து. ரூட்டரின் அமைப்புகளுக்குள் என்னைக் கைபிடித்து அழைத்துப் போனாள். வெளியே போகிற வேகத்துக்கு லைனின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை, முறை வைத்து அனுப்பு என்று ஒரு வசதி, இத்தனை நாளாக யாரும் தொடாமல் கிடந்தது. அதைப் போட்டோம். கேமராவின் துல்லியத்தையும் குறைத்தேன். இப்போது செம்பருத்தி பறிக்கிறவரின் மூக்கு சரியாகத் தெரிவதில்லை, போகட்டும்.

ஞாயிறு, பால் பூத் வரிசைக் கதையைச் சொல்லி, என் மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தேன். அவள் உம்மென்று ஆரம்பித்தாள்.

"எங்களைப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப அத்தே." வாய் மூடுவதற்குள் வந்தது.

என் மனைவியின் முகம் மலர்ந்தது. அந்தத் துணிச்சலில், "அப்போ எங்களோடவே வந்து இருப்பியா?" என்றாள்.

"இல்ல அத்தே. ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்துக்கறோம். டெய்லி சாப்பிட வந்துடுவோம்." இதுவும் அதே வேகத்தில்.

என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். அப்படியே ஆகட்டும், ஆனால் ஒரு தெரு போதும் என்று பேரம் பேசினாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டச் சொல்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மாவும் என்கிட்ட இதையேதாங்க கேட்டாங்க" என்றாள். "நானும் இல்லன்னுதான் சொல்ல நினைச்சேன். முப்பத்தோரு வருஷமா அந்த 'இல்ல' இன்னும் வரிசையிலேயே நிக்குது."