நான் வாசித்த டிக்டேஷன்

பக்கத்து அறையில் பேத்தி காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரே ஆங்கில வாக்கியத்தை ஐந்தாறு தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருடைய ஆங்கிலத்தையும் சோதிப்பார்களாம். சோதிப்பது மனுஷன்கூட இல்லை, கம்ப்யூட்டர். அது சொன்னதை இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அது மார்க் போடும். காபிக்கு வெளியே வந்தவள் கேட்டாள்:

"தாத்தா, உங்க காலத்துல ஆபீஸ்ல இந்த மாதிரி டெஸ்ட்டெல்லாம் உண்டா?"

"இருந்துது."

"நீங்க பாஸா?"

"நான் எழுதலம்மா. எழுதினவங்களுக்கு வாசிச்சேன்."

அதற்குமேல் கேட்க அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கடலூர்க்காரன். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போன கொஞ்ச நாளில் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறை, கையில் ஒரு பழைய சைக்கிள். கடலூரில் என்னைப்போல் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கேயோ என் அலுவலகத்தில் இருந்த இருபது பேரும் பிரெஞ்சில் படித்து பிரெஞ்சில் வேலை பார்த்தவர்கள். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ ஒரு கடிதம் வந்தால் போதும், என் அப்பா வயசுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். "தம்பி, இது என்னா சொல்லுது பாருங்க." இருபத்தொரு வயசில் அப்படி நாலு பேர் வந்து நின்றால் தலை எவ்வளவு வீங்கும் என்று நினைக்கிறீர்கள்? என்னுடையது கதவில் இடிக்கிற அளவுக்கு வீங்கியிருந்தது. வெள்ளைக்காரன் ஆங்கிலம் பேசி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரும் கேட்டிருக்க மாட்டார். அது அப்போது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அந்த அலுவலகத்தின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஊதா மசி, கோந்து, பத்து மணிக்குமேல் ரொட்டி. நீளமான பிரெஞ்சு ரொட்டியைக் காகிதம் வெட்டுகிற கத்தியாலேயே வெட்டிப் பங்கு போடுவார்கள். பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வருகிற எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் நானும் கை நீட்ட ஆரம்பித்தேன். வெட்டி எனக்கு முதல் துண்டைத் தருகிறவர் மதாம் பிலோமேன்.

அங்கே மேடத்தை மதாம் என்பார்கள். மதாம் பிலோமேன் எங்கள் தலைமைத் தட்டச்சாளர். நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே வயசு. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனாவில் இறந்துபோனார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரே மகள். துரைமார்கள் எழுதிக்கொடுத்த பிரெஞ்சிலேயே இவர் சத்தமில்லாமல் பிழை திருத்தி அடிப்பாராம். அவர்கள் அதைக் கவனிக்காததுபோல் கையெழுத்துப் போடுவார்களாம். இதை மற்ற குமாஸ்தாக்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவர் அல்ல.

பிறகு ஆங்கில டைப்ரைட்டர்கள் வந்தன. பிரெஞ்சு மிஷினில் எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் விரல் ஏ-க்குப் போனால் தாளில் க்யூ விழும். எம்-க்குப் போனால் அரைப்புள்ளி விழும். பத்து வருஷத்துக்குமேல் பழகிய விரல்கள். "பாருங்க தம்பி, இந்த மிஷின்ல மேடம்னு அடிச்சா மேடமே வர மாட்டேங்கறாங்க" என்று தாளை உருவிக் காட்டிச் சிரித்தார். இரண்டே மாதத்தில் விரல்களை மாற்றிக்கொண்டுவிட்டார். ஒரு ஆங்கில வாசகப் புத்தகம் வாங்கி மதிய வேளையில் தனியாகப் படிப்பார். ஒருநாள் கேட்டார்: "பத்து நிமிஷம் எனக்கு வாசிச்சுக் காட்டறீங்களா? கண்ணுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியல."

"வேலை இருக்குது மதாம், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, சரியாக ஞாபகமில்லை. பழைய ஊழியர்கள் எல்லோரும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், தேறியவர்களுக்கே அவரவர் வேலை நிலைக்கும் என்று உத்தரவு வந்தது. தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டிக்டேஷன்தான் முக்கியப் பகுதி. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "யாருக்கு இங்கிலீஷ் நல்லா வரும்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் காட்டினார்கள். மதாமும் காட்டினார்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்று வாசித்தேன். கூலி, கிடங்கு, அணைக்கட்டு, வாரண்டு என்று அலுவலகச் சங்கதிகளுக்கான ஆங்கில வார்த்தைகளாகத் திரட்டிக் கட்டிய பத்தி அது. கணீரென்று வாசித்தேன் என்று அன்று சாயங்காலம் நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விடைத்தாள்களில் பிழையைச் சுழிக்கிற வேலையையும் அதிகாரி எனக்கே கொடுத்தார். மதாமுடைய தாள் வந்தது. அழகான சாய்ந்த எழுத்து. ஆனால் டபிள்யூ வர வேண்டிய இடங்களில் வி இருந்தது. வாட்டர் மாதிரி கண்ணுக்குப் பழகிய வார்த்தைகளைச் சரியாகவே எழுதியிருந்தார். புதிதாகக் காதில் விழுந்த வார்த்தைகள் எல்லாம் வி. கூலிக்கான வேஜஸ், கிடங்குக்கான வேர்ஹவுஸ், வாரண்டு எல்லாம் வி. அதிகாரி எட்டிப் பார்த்தார். "இதென்ன, ஜெர்மன் பாஷையா?" என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பக்கத்து அறையில் மதாம் இருந்தார். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான்.

அதிகாரி காபி குடிக்கப் போனதும் தாளை மறுபடி எடுத்தேன். ஏனோ அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வேஜஸ். வேர்ஹவுஸ். வாரண்ட். கீழ் உதட்டைப் பல்லில் வைத்து, நம் தமிழ் 'வ'வைத்தான் சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுக் காது உள்ளவருக்கு அது வி-தான். அவர் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். ஆங்கிலக்காரன் டபிள்யூவுக்கு உதட்டைக் குவிப்பான் என்பதே எனக்குப் பல வருஷம் கழித்து ரேடியோ கேட்டுத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்றை அந்த நிமிஷமே தெரிந்துகொண்டேன்: தப்பு என் வாயில் இருந்தது.

நான் கெடுத்த வார்த்தைகள் ஒன்பது. பிழைக்கு ஒரு மார்க் போகும்; தேற மதாமுக்கு ஆறு மார்க் போதவில்லை. அதிகாரி திரும்பி வந்தார். நான் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

முடிவு ஒட்டிய அன்று மதாம் என் மேஜைக்கு வந்தார். கோபமாக வரவில்லை.

"தம்பி, நீங்க வி-ன்னுதான சொன்னீங்க? நான் கேட்டதத்தான எழுதனேன்?"

நான் ஒரு கோப்பைப் புரட்டினேன். "ஸ்பெல்லிங் தெரிஞ்சிருக்கணும் மதாம். ரூல் அப்படி."

"ஆங், ரூல்" என்றார்.

தலைமைத் தட்டச்சாளர் நாற்காலி எனக்கு வந்தது. மதாமைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். உறை ஒட்டுவது, எண் போடுவது, பியூனிடம் கொடுப்பது. நான் அடித்த கடிதங்களை அவர் உறையில் போட்டார். ரொட்டித் துண்டு எனக்கு வருவது நின்றது. அவர் வெட்டுவதையே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்துத் தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்க நானே போனேன். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இந்தத் தடவை எப்படியாவது தேறிவிடுவார், என் பாரமும் இறங்கிவிடும்.

"இந்த வாட்டியும் நீங்கதான வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

"ஆமா மதாம்."

"அப்ப வேணாம்" என்று பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார்.

வேறு ஆளை வாசிக்கச் சொல்லலாம் என்று மேலே போய்ச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போகவில்லை.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மதாம் எழுதிக் கொடுத்தார். மகளோடு பிரான்சுக்குப் போவதாகப் பேச்சு. போகுமுன் பணிச் சான்றிதழ் கேட்டு சூப்பிரண்டிடம் வந்தார், பிரெஞ்சில் வேண்டுமாம். சூப்பிரண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பழையவர்களில் சிலர் ஓய்வு பெற்றிருந்தார்கள், மற்றவர்கள் மாற்றலாகிப் போயிருந்தார்கள். அங்கே அதை எழுத ஒருவரும் இல்லை.

"நானே எழுதறேன்" என்றார் மதாம். நின்றபடியே மேஜையோரத்தில் ஒரு பக்கம் எழுதினார். ஓர் அடித்தல்கூட இல்லை. சூப்பிரண்டு அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "சரியா இருக்கா?"

எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. "சரியா இருக்கு சார்" என்றேன். கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

படியிறங்கும்போது பின்னாலேயே போய்க் கேட்டேன். "மதாம், அதுல என்னா எழுதனீங்க?"

"பதினெட்டு வருஷம் இங்க வேல செஞ்சேன்னு எழுதனேன். நல்லா செஞ்சேன்னு எழுதனேன்." காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "அத நீங்க யாரும் எழுத மாட்டீங்க இல்ல, தம்பி?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெருவில் ஆள் நடமாட்டம்கூட இல்லை. வெயில் மட்டும்தான் இருந்தது. நான், "போய்ட்டு கடிதாசி போடுங்க" என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கடிதம் எதுவும் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்த்ததும் அசட்டுத்தனம்தான்.

அந்தக் கட்டடத்தை இடித்து எத்தனையோ காலமாகிறது. இப்போது அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற விடுதி இருக்கிறது. அன்று தேர்வு எழுதியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் பதிவறையில் போய் அந்த விடைத்தாள்களைத் தேடினேன். காலாவதியான தாள்கள் என்று எப்போதோ எரித்துவிட்டார்கள். எரிக்கச் சொன்ன உத்தரவின் கீழ் மூலையில், தட்டச்சு செய்தவர் இடத்தில் என் முதலெழுத்து இருந்தது. மதாம் பிலோமேன் அன்றைக்குத் தப்பாக எழுதவில்லை என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கும் தொண்ணூறு நெருங்குகிறது.