அட்மிஷன் அண்ணன்

"பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். நீங்க என்ன படிக்கிறீங்க?"

லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவரிடம், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் முதலில் கேட்பது இதைத்தான். பதில் வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அதுக்கு எப்ப விண்ணப்பம் போட்டீங்க? பள்ளிக்கூடத்துல என்னென்ன பாடம் எடுத்தீங்க?" இருட்டில் வியர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பேசப் பேச மூச்சு சீராகும். இவருக்கு ஒரு தகவல் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய கம்பெனி பராமரிக்கும் லிஃப்டுகளில் பதினொன்று கல்லூரிகளில் இருக்கின்றன. ஊரார் கல்லூரியை வாசலிலிருந்து பார்க்கிறார்கள்; இவர் மொட்டைமாடி மெஷின் அறையிலிருந்து பார்க்கிறார். பார்த்ததைப் பழைய சர்வீஸ் அட்டைகளின் பின்பக்கம் குண்டு குண்டு எழுத்தில் எழுதி வைக்கிறார். 'நூலகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கும் கூட்டம். நல்லது.' 'விடுதி மூன்றாம் மாடியில் தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் வாளி சுமக்கிறார்கள்.' 'வாத்தியார்கள் மாணவர்களோடு பேசிக்கொண்டே படியேறுகிறார்கள். ரொம்ப நல்லது.'

ஒரே மகள் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த வாரம் தொடங்கிய பழக்கம் இது. கூட வேலை செய்கிறவர்கள் 'அட்மிஷன் அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மனைவியும் விடுவதில்லை.

"பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடியே பேர் வைக்கிற ஆளுங்க நீங்க!"

"வைக்கலையா பின்ன? அதனாலதான் உன் மகளுக்கு அவ்வளவு நல்ல பேரு அமைஞ்சுது."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு ஆறாத வடு உண்டு. அவர் பள்ளி முடித்த வருடம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டென்பதே அவருக்கு அந்தத் தேதிக்கு மறுநாள்தான் தெரிந்தது. சொல்ல ஆள் இல்லை.

மகளுக்குக் கட்டடங்கள் வரைவதில் உயிர். கட்டடக்கலைதான் படிப்பேன் என்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், அடுத்த இரண்டு வருடத்துக்கான பாடங்களைக் குறித்துக் கொடுக்கச் சொல்லிப் பள்ளியில் ஒரு படிவம் தந்தார்கள். ஓவியத்தை எடுத்துக்கொண்டாள், கணக்கை விட்டுவிட்டாள். "வரையப்போற பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று கையெழுத்துப் போட்டது இந்த அப்பாதான். பதினொரு கல்லூரியிலும் குழாய் முதல் விளக்கு வரை பார்த்து எழுதியவர், அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

படிவம் கொடுக்கக் கடைசி நாள். தாயும் மகளும் பள்ளியில் வரிசையில் நின்றிருந்தார்கள். இவர் ஒரு கல்லூரியில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டின் கதவருகே உட்கார்ந்திருந்தார். மேலே மெஷின் அறையில் கூட்டாளி கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை ஏற்றிக்கொண்டிருந்தார். "இன்னும் ஏத்து... நிறுத்து..." என்று இவர் சொல்வதெல்லாம் கைபேசி வழியாகத்தான் அவருக்குப் போக வேண்டும்.

உள்ளே ஒரு பெண்குரல் நடுங்கியது. "சீக்கிரம்பா. எனக்கு மூடின இடம்னாலே ஆகாது."

"இதோ ஆச்சும்மா. நீங்க என்ன படிக்கிறீங்க?"

"படிச்சு முடிச்சு இருபது வருஷம் ஆச்சு. இங்க சேர்க்கைப் பிரிவுல வேலை பார்க்கிறேன்."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. மகளின் கதை முழுவதும் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண் நடுக்கத்தை மறந்து கத்தினார்.

"கணக்கை விட்டுட்டாளா? ஐயையோ! கட்டடக்கலைக்குக் கடைசி ரெண்டு வருஷமும் கணக்கு படிச்சிருக்கணும்பா. இல்லன்னா விண்ணப்பத்தைப் பிரிச்ச உடனே ஒதுக்கி வெச்சிருவோம். ஃபாரம் எப்ப கொடுக்கணும்?"

"இன்னிக்குத்தாம்மா. இப்ப வரிசையில நிக்கிறாங்க."

"அப்ப போன் பண்ணுங்க! என் போன் மேஜையிலேயே கிடக்கு."

இருந்தது ஒரே கைபேசி. அதைத் துண்டித்தால் மேலே சக்கரம் நிற்கும். உள்ளே அந்தப் பெண் இருட்டில் நிற்க வேண்டும். அங்கே பள்ளியில் வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். ஆனாலும் அவர் சொன்னார்: "உங்களை வெளிய எடுத்துட்டுப் பேசிக்கிறேம்மா."

"நான் நிக்கிறேன்" என்றது குரல். "நீங்க பேசுங்க. என் பிள்ளையா இருந்தா நான் பேசமாட்டேனா?"

கூட்டாளியிடம் சொல்லித் துண்டித்துவிட்டு, மனைவியின் எண்ணை அழுத்தினார். "ஃபாரத்தைக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் மனைவி. "ஆபீஸ் அம்மா கையில ஒரு முனை, என் கையில ஒரு முனை."

"விடாத! இழு!"

"இழுக்கவா? உங்களுக்குப் புத்தி கித்தி..."

"கணக்கைச் சேர்க்கணும்டி! சேர்க்கலன்னா நம்ம பிள்ளை கட்டடமே கட்ட முடியாது!"

மறுமுனையில் காகிதம் சரசரத்தது. யாரோ அதட்டினார்கள். "கணக்கா? அப்பா, ஓவியம்?" என்று மகள் அலறினாள். ஓவியத்தை விட்டுக் கணக்கை எடுக்கவேண்டாம், வரலாற்றுக்குப் பதிலாக எடுக்கலாம் என்று யாரோ சொல்லும் குரல். பிறகு மனைவி மூச்சு வாங்கச் சொன்னாள்: "அடிச்சு எழுதியாச்சு. முத்திரையும் குத்தியாச்சு. நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க, போங்க."

மறுபடி கூட்டாளி, மறுபடி சக்கரம். தளத்துக்கு ஒரு முழம் கீழேயே லிஃப்ட் அடம்பிடித்து நின்றுவிட்டது. அவர் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சிறிய பெண்மணி, இரண்டு கையாலும் கம்பியை இறுகப் பற்றியபடி, நனைந்த கோழிக்குஞ்சாய் நின்றிருந்தார்.

"பொண்ணு?" என்றார் முதலில்.

"கணக்கைச் சேர்த்தாச்சும்மா" என்றார் இவர்.

ஏறிவர வேண்டிய விளிம்பெல்லாம் கறுப்பு கிரீஸ். தம் பையைத் திறந்து, வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் சலவை வெள்ளைச் சட்டையை எடுத்தார். அதை விளிம்பின்மேல் விரித்தார்.

"இதுமேல முட்டியை ஊனி வாங்கம்மா."

"ஐயோ, நல்ல சட்டைப்பா அது!"

அவர் மண்டியிட்டு, சட்டையில் விழுந்திருந்த ஒரே ஒரு சுருக்கத்தையும் புறங்கையால் நீவிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.