வலப்பக்க மூச்சு

என் மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகமும் போய், துறைமுகத்தடி அலுவலகமொன்றில் வேலைக்கு இருப்பவள் நான். மூக்கை மாற்ற எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்து நிலாவெளியில் வீட்டுக்கு வந்தேன். வீக்கம் வற்ற வற்றத்தான் தெரிந்தது. மூக்குத் தண்டின் நடுவில் பள்ளம். மூச்சை இழுத்தால் வலப்பக்க மூக்கு மடல் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். செய்த டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "வீக்கம்தான், பொறுங்கோ" என்றார். வற்றிய பிறகு என்ன வீக்கம்? குரலில் ஓர் அவசரம் இருந்தது.

பிறகு சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்தது. எங்கள் பக்கத்தில் குழந்தையைக் குளிக்க வார்க்கும்போது, மூக்கு எடுப்பாக வரட்டுமென்று எண்ணெய் தொட்டுப் பிடித்துவிடுவார்கள். ஒரு மத்தியானம் பாயில் கண்மூடிக் கிடந்தேன். தேங்காயெண்ணெய் விரல்கள் புருவ நடுவிலிருந்து இறங்கி, நுனியைக் கிள்ளிப் பிடித்தன.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"கோணிக் கிடக்கு பிள்ளை. பச்சையா இருக்கேக்க பிடிச்சாத்தான் நிமிரும்."

"எப்ப துவங்கினனீங்கள்?"

"கட்டு அவிழ்த்ததில இருந்து. நீ நித்திரை கொள்ளேக்க."

அன்றிலிருந்து கதவைத் தாழ்போட்டுப் படுத்தேன். மூக்குக்குக் காவல் போட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காயத் தழும்பு இளகும்வரை காத்திருந்து, வேறொரு டொக்டரிடம் போனேன். அம்மாவையும் கூட்டிப் போனேன். அவர் சொல்லப்போவதை அம்மாவும் கேட்க வேண்டும்.

"ஆராவது மூக்கை அமத்தித் தேய்ச்சவையோ?" என்றார் அவர்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஓம் டொக்டர். நான்தான் பிடிச்சுவிட்டனான்." அம்மா தலை குனியவில்லை.

அவர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இனித் தொடாதேங்கோ. ஆனா இப்பிடி வந்ததுக்கு அது காரணமில்லை."

ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அம்மாவைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன், "அவவுக்காகச் சொல்லுறீங்களோ?"

அவர் ஒரு கண்ணாடியைத் தந்தார். பஞ்சு சுற்றிய குச்சியொன்றை வலப்பக்கம் நுழைத்து, உட்சுவரை மெல்லத் தூக்கினார். "இப்ப இழுங்கோ."

ஏசிக் காற்று தொண்டைவரை குளிர்ந்து இறங்கியது.

"தாங்கிற குருத்தெலும்பைக் கூடுதலா வெட்டியிருக்கு. விரல் அப்பிடிச் செய்யாது, கத்திதான் செய்யும். காதில கொஞ்சம் எடுத்து அதில வைப்பம்."

அம்மா போத்தலோடு வாசலில் நின்றார். "காதிலயோ? பிறகு காது சூம்பினா எங்க எடுப்பீங்கள்?"

"பின்பக்கம் அம்மா. வெளியில தெரியாது."

"முதல் ஆளும் ஒண்டும் தெரியாதெண்டுதான் சொன்னவராம்."

நான் கேட்க வைத்திருந்ததும் அதுதான்.

இரண்டாம் தரமும் செய்தார்கள். தண்டு முழுதாக நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வெயிலில் பார்த்தால் ஒரு மேடு தெரியும். ஆனால் மடல் ஒட்டவில்லை. அலுவலகத்திலும் பஸ்ஸிலும் ஒரு விரலால் இடப்பக்கத்தை அடைத்து வலப்பக்கத்தால் இழுத்துப் பார்ப்பேன். நாளைக்கும் இப்படியே இருக்குமா என்று யார் கண்டது?

போன ஞாயிறு மத்தியானம் கதவைத் திறந்துவிட்டுப் படுத்தேன். தேங்காயெண்ணெய் மணம் கிட்ட வந்தது. கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். ஒன்றும் படவில்லை.

கண்ணைத் திறந்தேன். அம்மா பாயோரம் இருந்தார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

"தொடேல்லை," என்றார். "மூச்சு வருதோ எண்டு பாத்தனான்."