மணலில் தூங்கும் மனிதர்

குருசுக்குப்பம் கடற்கரையில் மார்கழிக் குளிரில் மணற்சிற்பப் போட்டி நடக்கிறது. வெளியூர்க்காரன், யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்று என்னை நடுவராக்கிவிட்டார்கள். மணல் படகையும் ஆமையையும் தாண்டி ஓரிடத்தில் மட்டும் கூட்டம் சிரிக்கிறது. மீன் விற்கும் செல்வி, வாயைப் பிளந்து தூங்கும் ஒருவரைத் தொப்பையோடு செய்திருக்கிறார். குரங்குக் குல்லா போட்ட அவர் கணவர் ஆறுமுகம் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

“சார், இது நான் இல்ல. எனக்கு ஏது இவ்ளோ தொப்ப?”

“மணலு பத்தல சார். கொறச்சுதான் வச்சிருக்கேன்” என்கிறார் செல்வி.

பரிசு கொடுத்தால் வீட்டில் சண்டை வருமோ என்று தயங்குகிறேன். ஆனால் இதைவிட உயிருள்ள சிற்பம் அங்கே இல்லை. முதல் பரிசு செல்விக்கு என்று மைக்கில் சொல்லிவிடுகிறேன். அவர் கை மணலைத் தட்டிக்கொண்டு எழுவதற்குள் ஆறுமுகம் ஓடிவந்து கையை நீட்டுகிறார்.

“குடுங்க சார். தூங்கறது நான்தான?”